பதினோரு தட்டச்சுப் பிழைகள்

நாற்பதைத் தொட்டுவிட்டோம். மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறோம், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் இடத்துக்கும் வந்துவிட்டோம். என்னோடு ஆறாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அந்த வருடம் மழைக்காலத்துக்குப் பிறகு நான் ஏன் யாரோடும் பேசாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன் என்று அப்போது கேட்டீர்கள். காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

அம்மா அப்போது புதுச்சேரி டவுனில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தாள். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. கையால் எழுதிக் கொண்டுவருவதைக் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்பும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேக நோட்டீஸ், சபைகளின் பாட்டுப் புத்தகம் எல்லாம் அவள் கைவழியாகத்தான் வெளியே போகும். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அப்பா லாரியோடு போய்விடுவார், மாதம் ஒருமுறை வருவார். நாங்கள் கருவடிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்கு நடந்து போய், அம்மா முடிக்கும்வரை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்தக் கடையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழும் காகிதத்தின் வாசனை, ஈரக்குடை, பாய் மாடியில் போடும் தேநீர். கடை முதலாளியைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெதுவாகப் பேசுகிற மனிதர். அம்மா பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பாள். அதில் புள்ளியை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள், விரல்கள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ளாப்பியில் சேமித்து, மேலே பச்சை மையில் பெயர் எழுதி ஒட்டுவாள். அவ்வளவு அழகான கையெழுத்தை நான் பிறகு பார்த்ததில்லை. அந்த ஃப்ளாப்பிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் முசியே வந்தார். தமிழர்தான், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். அதனால் அவருடைய தெருவே அவரை முசியே என்று கூப்பிட்டது. கிறிஸ்தவர், தம்முடைய சபையில் மூப்பர். சைக்கிளில் வருவார். கால்சட்டை சங்கிலியில் சிக்காமல் இருக்கத் துணி கிளிப் ஒன்றை மாட்டியிருப்பார், கடைக்குள் வந்தும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்.

அவர் கொண்டுவந்தது நான்கு நற்செய்திகளில் ஒன்றின் புதிய மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தைத் தாமாகவே படித்து, நேராக அதிலிருந்து இருபது வருடமாகச் செய்தது. கோரிமேட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்று நினைத்தார். பழைய வேதாகமத்தின் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை என்பது அவருடைய கவலை. அச்சிட சபை ஒப்புக்கொண்டிருந்தது. கையெழுத்துப் பிரதி முழுவதும் பழைய பிரெஞ்சுக் கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் இருந்தது. காகிதத்தை வீணாக்காத தலைமுறை.

முதல் வாரமே அம்மா ஒரு தவறு செய்தாள். நிஜமான தவறு. பிறந்த குழந்தையைத் தாய் 'முன்னணையில்' கிடத்தினாள் என்று அவர் எழுதியிருந்தார். அம்மா அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. அவசரத்தில் எழுத்து மாறிப்போயிருக்கும் என்று நினைத்து 'முன்னணியில்' என்று அடித்துவிட்டாள்.

புரூஃப் பார்த்த முசியே தோள் குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, பொறந்த அன்னிக்கே புள்ளையக் கட்சியில சேத்துட்டியே."

அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. "தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேங்கய்யா. முன்னணைன்னா என்னாங்க?"

"மாட்டுக்குத் தீனி வைக்கிற எடம்மா."

"அதுவா. எங்க வூட்ல மாட்டுத்தொட்டின்னுவோம். தவிடு கலக்கி வைப்போமே, அது."

அவர் சிரிப்பு நின்றது. "மாடு கட்டுன வூட்ல பொறந்தவளுக்கே தெரியலன்னா நான் யாருக்கும்மா எழுதிட்டிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்து 'மாட்டுத்தொட்டி' என்று எழுதினார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. புரியாத சொல் வந்தால் அம்மா ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். மறுநாள் சாயங்காலம் அவர் வந்து புள்ளி புள்ளியாக விசாரிப்பார். களத்தில் தூற்றுவது பற்றி வந்த இடத்தில் முறத்தை எப்படிப் பிடிப்பது என்று அம்மா அட்டையை வைத்து நடித்துக் காட்டினாள். ஏரைப் பிடித்தவன் பின்னால் திரும்பிப் பார்ப்பது பற்றி ஓர் இடம். "திரும்பிப் பாத்தா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். "சால் கோணிப் போயிடுங்க" என்றாள். அதுவும் உள்ளே போனது. சில நாள் சண்டையும் வரும். இப்படிப் பேசுகிற மனுஷன் உலகத்தில் கிடையாது என்று அம்மா சொல்வாள், மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவர் பிடிவாதம் பிடிப்பார். பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அம்மா அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்தது அந்த மூன்று மாதம்தான்.

ஒருநாள் அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஐயா, இது சாமி சொன்னதா, ஆளுங்க எழுதினதா?"

"ஆளுங்க எழுதினது. ஆனா ஆவியானவர் ஏவி எழுதினது."

"அப்ப தமிழ்ல மாத்தி எழுதறவங்களயும் ஏவுவாரா?"

அவர் சற்று யோசித்தார். "ஏவணும். இல்லன்னா இருபது வருஷம் நான் என்னத்துக்கு உக்காந்தேன்?"

"அடிக்கிறவங்கள?"

"நீ அடி," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்னொரு நாள் அவராகவே சொன்னார். பழைய காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிகள் வேதத்தைத் தமிழில் செய்தபோது பக்கத்திலேயே தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு முன்ஷி உட்கார்ந்திருப்பாராம். பாதி முன்ஷிகள் திருநீறு பூசினவர்கள். பாதிரி அர்த்தம் சொல்வார், முன்ஷி வார்த்தை எடுத்துக்கொடுப்பார். புத்தகத்தில் பாதிரி பெயர் இருக்கும். "முன்ஷி பேரு எங்கயாவது இருக்கான்னு தேடிப் பாத்தேம்மா. ஒண்ணுகூட இல்ல. அது பாவம்," என்றார். சொல்லும்போது நிஜமாகவே வருத்தப்பட்டார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய், யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்ததும் அம்மா அவசரமாக எல்லாவற்றையும் சேமித்து மூடினாள். கரண்ட் வரட்டும் என்று மூன்று பேரும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். முசியே கையில் ஒரு தாள் இருந்தது. ஒரு விதவை. ஒரே மகன் செத்துப் பாடையில் போகிறான். எதிரே வந்த இயேசு அவளைப் பார்க்கிறார். அந்த இடம்.

"இங்க ஒரு வார்த்தை இருக்கும்மா. பழசுல மனசு உருகினாருன்னு போட்டிருக்காங்க. புதுசுல இரக்கப்பட்டாருன்னு. கிரேக்கத்துல மனசே கெடையாது. கொடல். உள்ள இருக்கற கொடல்லேருந்து வர்ற வார்த்தை அது. இருபது வருஷமா தேடறேன். தமிழ்ல இல்ல."

அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் இல்ல? எங்க ஊர்ல பக்கத்து வூட்டுப் பையன் ஒருத்தன், மோட்டார் கொட்டாயில பாம்பு கடிச்சுச் செத்துட்டான். ஒத்தப் புள்ள. அவன எடுக்கும்போது அவங்கம்மா பின்னாடியே தெருக்கோடி வரைக்கும் வந்தா. பாத்ததும் எனக்கு மனசெல்லாம் ஒண்ணும் தெரியலைங்க. வயிறு கலங்கிப்போச்சு. அப்ப நான் இவள சுமந்துட்டிருந்தேன்."

என்னைக் காட்டித்தான் சொன்னாள்.

 முசியே மடியில் தாளை வைத்து, அந்த மங்கல் வெளிச்சத்தில், பழைய சொல்லை அடித்துவிட்டு 'அவருக்கு வயிறு கலங்கியது' என்று எழுதினார்.  "இது உனக்குக் குடுத்த வார்த்தைம்மா. எனக்கு இல்ல," என்றார்.

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அடுத்த வாரம் சபையின் செயலாளர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. பவுடர் வாசனை, இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. புத்தகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாராம். அம்மா பாயிடம் ஏதோ கேட்க மாடிக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். மேசைமேல் இருந்த புரூஃப் கட்டை எடுத்துப் படித்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இது என்னா பாப்பா, வயிறுன்னு போட்டிருக்கு?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்குப் பெருமை பொங்கியது.

"அது எங்கம்மா சொன்ன வார்த்தை. முசியே இருவது வருஷமா தேடினாராம். எங்கம்மாதான் குடுத்தாங்க."

"அப்பிடியா. வேற என்னல்லாம் குடுத்தாங்க உங்கம்மா?"

நான் ஸ்டூலை விட்டு இறங்கிப் போய்க் காட்டினேன். மாட்டுத்தொட்டி, சால் கோணியது, முறம் என்று பக்கம் பக்கமாகத் திருப்பி, பென்சிலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நான் காட்டிய இடத்திலெல்லாம் வட்டம் போட்டார். மொத்தம் பதினொன்று. என் தலையைத் தடவிவிட்டு, கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. திங்கட்கிழமை சாயங்காலம் செயலாளர், போதகர், முசியே மூன்று பேரும் வந்தார்கள். பாய் நாற்காலிகள் போட்டார். முசியே உட்காராமல் நின்றார். அன்று கால்சட்டையில் கிளிப் இல்லை. சைக்கிளில் வரவில்லை, அவர்களுடைய காரில் வந்திருந்தார்.

செயலாளர் சிவப்பு வட்டங்களைக் காட்டினார். "பாயம்மா, மொட்டையா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்று அம்மாவிடம் ஆரம்பித்தார். அம்மா பாயின் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் நிறுத்தி, போதகர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசவில்லை.

"போதகரய்யா, பழைய வேதத்த எழுதினவங்க முழங்கால்ல நின்னு எழுதினாங்க. ஒவ்வொரு எழுத்தும் ஜெபம். இங்க ஞானஸ்நானம் எடுக்காத ஒரு பொம்பள டைப் அடிக்கும்போது மாத்தியிருக்கு. கர்த்தருக்கு வயிறு கலங்குச்சாம். ஆஸ்பத்திரியில இதக் குடுத்தா வயித்துப்போக்குன்னு நெனச்சுக்குவான்."

போதகர் மெதுவாக, "தேவன் யார் வழியாவும் பேசுவார்," என்றார். அந்த வார்த்தைகளை எடுத்துவிட அவருக்கு மனசில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"கழுதை வாயாலயும் பேசினாரு. எனக்கும் தெரியும். அதுக்காகக் கழுதையக் கூட்டியாந்து கமிட்டியில உக்கார வைக்க முடியுமா?" என்றார் செயலாளர். பிறகு முசியேவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. இந்தப் பதினோரு எடமும் உங்க வார்த்தையா, இந்தம்மா வார்த்தையா? இந்தம்மா வார்த்தைன்னா இந்தப் புஸ்தகத்த சபை போடாது."

 முசியே அம்மாவைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்தார்.

"டைப்பிங் மிஸ்டேக்," என்றார். "நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

"கையெழுத்துப் பிரதியில?"

"அதுல சரியாதான் இருக்கும். வூட்ல இருக்கு."

வீட்டில் இல்லை. திரைக்குப் பக்கத்தில், தாள் மாட்டும் கிளிப்பில், அதே தாள் தொங்கிக்கொண்டிருந்தது. சரிபார்ப்பதற்காக அம்மா மாட்டி வைத்திருந்தாள். நீல மையில் அவருடைய கையெழுத்து. அடிக்கப்பட்ட சொல், அதற்குமேல் 'வயிறு கலங்கியது', மங்கல் வெளிச்சத்தில் எழுதிய கோணல் வளைவுகள். செயலாளர் ஒரு அடி முன்னால் வந்தால் படித்துவிடலாம். முசியேவும் அதை அப்போதுதான் கவனித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பெரியவர்கள் யாரிடமும் பார்த்ததில்லை.

அம்மா கையை நீட்டினாள். எடுத்துக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாளைக் கிளிப்பிலிருந்து கழற்றி, மேசைமேல் குப்புற வைத்தாள். மேலே பிரெஞ்சுக் கேள்விகள் தெரிந்தன.

"என் தப்புதாங்க. முன்னயும் ஒரு தடவ அப்பிடி ஆச்சு. ஐயாவுக்குத் தெரியும்," என்றாள்.

முசியே தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு பாய் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். அம்மா இனியும் அங்கே வேலை பார்த்தால் சபையின் பாட்டுப் புத்தகம், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வேறு கடைக்குப் போய்விடும் என்று செயலாளர் வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "எங்கள்ல இந்தத் தகராறே இல்லம்மா," என்றார் பாய். "தமிழ்ல எழுதினா அத வேதம்னே சொல்ல மாட்டோம். அர்த்தம்னு சொல்லுவோம். அர்த்தத்துல யாரு கையும் படலாம்." பிறகு, "கொஞ்ச நாளு வூட்ல இரும்மா. சொல்லி அனுப்பறேன்," என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது என் வார்த்தைன்னு அந்தச் செயலாளருக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"தெரியலம்மா," என்றேன்.

முசியே பொய் சொன்ன அதே நாள், சில மணி நேரம் கழித்து நானும் பொய் சொன்னேன். எனக்கு வயது பதினொன்று. அவருக்கு எழுபது இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து என்னை நான் மன்னித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

அம்மா வேறு டிடிபி கடைகளில் கேட்டுப் பார்த்தாள். வேதத்தில் கை வைத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போயிருந்தது. தை மாதத்தில் சேதராப்பட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். நாங்களும் அந்தப் பக்கமே குடிபோனோம், எனக்குப் பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. நாள் முழுவதும் பசையில் ஊறி அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. பிறகு ஒருபோதும் அவள் தமிழில் ஒரு வரி அடித்து நான் பார்க்கவில்லை. ஒருநாளும் முசியேவைத் திட்டவில்லை. அதை நான் அப்போது பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவள் காத்திருந்தாள் என்று தோன்றுகிறது. அவர் ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்குவார் என்று நம்பியிருக்கிறாள்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது முசியே இறந்துபோனார். யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைகிறவர்கள் கையில் அவருடைய உறவுக்காரப் பெண் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிர்நீல அட்டை. அந்த நற்செய்திதான்.

நான் நின்றபடியே முன்னுரையைப் படித்தேன். பல சொற்களில் பழைய வேதத்தின் வழக்கையே கமிட்டி விரும்பியதாகவும், அதற்குத் தாம் கட்டுப்பட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கட்டுப்பட முடியவில்லையாம். இருபது வருடம் கிடைக்காத ஒரு சொல்லுக்காக மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தபோது, ஒரு விடியற்காலையில் ஆவியானவர் அதைத் தம் நாவில் வைத்ததாகவும், அந்தச் சாட்சியைக் கேட்டுக் கமிட்டி கண்ணீரோடு ஏற்றுக்கொண்டதாகவும் எழுதியிருந்தது. அம்மாவிடம் நீட்டினேன். அவளும் படித்தாள், ஒரு வரி விடாமல். புரூஃப் பார்க்கிறவள் படிக்கிற மாதிரி, வரிக்கு அடியில் நகத்தை ஓட்டிக்கொண்டே.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் புத்தகத்திலிருந்து வாசித்தவர் செயலாளர். விதவையின் மகன் பாடையில் போகும் இடம். 'வயிறு கலங்கியது' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. பந்தல் முழுவதும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள். "எப்பிடி எழுதியிருக்காரு பாத்தீங்களா. மேலேருந்து குடுக்காம மனுஷனுக்கு இப்பிடி ஒரு வார்த்தை வருமா?"

"வராதுங்க," என்றாள் அம்மா.

அடக்கத்துக்கு நாங்கள் நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வெயில் கொளுத்தியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏம்மா சொல்லல? அத்தினி பேரும் இருந்தாங்க. உன்னோட வார்த்தைன்னு சொல்லவேண்டிதான?"

அம்மா வெளுத்த விரலால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "அவரோடதா இருக்கற வரைக்கும்தான் அது வேதம். நான் வாயத் தொறந்தா மறுபடியும் மிஸ்டேக் ஆயிடும். இருந்துட்டுப் போவட்டும்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், பென்சிலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று. சேதராப்பட்டு பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தோம்.